ஸ்நோ பாட்டிலில் சுண்ணாம்பு

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை முகத்துக்குப் பூசும் ஸ்நோவில் கலந்தால் அம்மை போடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் மட்டும் அல்ல. மீசை முளைத்து, அது நரைத்து, அதற்கு டை அடிக்கத் தொடங்கும் வரைக்கும். என் மகளுக்கு ஏழு வயதில் அம்மை போட்டபோது டாக்டரிடம் மிகுந்த பணிவோடு, "எங்க வீட்டுல யாருமே வெத்தல போடுறதில்லீங்களே சார், அப்புறம் எப்படி?" என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு முறை பார்த்தார். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் என் மனைவியிடம்தான் சொன்னார்.

என் வயதுக்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். விழுங்கிய புளியங்கொட்டை வயிற்றுக்குள் மரமாகிவிடும் என்று நீங்கள் அழுத கதையெல்லாம் எனக்கும் தெரியும்.

அப்போது நாங்கள் பெரம்பலூரில் குடியிருந்தோம். அப்பா ரைஸ் மில்லில் எஞ்சின் பார்த்தார். அம்மா வீட்டைப் பார்த்தாள். அக்கா பத்தாவது முடித்துவிட்டு டைப்ரைட்டிங் கிளாஸ் போய்க்கொண்டிருந்தாள். நான் ஐந்தாவது படித்தேன் என்று சொல்லிக்கொண்டு இவர்கள் மூவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவின் முடி இடுப்பைத் தாண்டி இறங்கும். பார்க்கிறவர்களுக்கு அது அழகு. அவளுக்கு அது ஒரு வேலை. காலை ஆறு மணிக்கு கிளாஸ். ஒழுங்காகத் தலைக்கு ஊற்றிக்கொள்வது என்றால் எண்ணெய் வைத்து ஊறி, அரப்பு தேய்த்து, அலசி, உலர்த்தி, சாம்பிராணி காட்டி, சிக்கெடுத்துப் பின்னி முடிக்க அரை நாள் போய்விடும். போதாக்குறைக்கு எங்கள் தெருக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அரப்பு போகாது, சோப்புப் போட்டாலோ முடி தேங்காய் நார் ஆகிவிடும்.

ஆகவே அக்கா குறுக்குவழிகள் கண்டுபிடித்தாள். அவசரமான நாளில் காதுக்கு முன்னால் இருக்கும் முடியை மட்டும் வடிகஞ்சியில் கரைத்த அரப்பால் அலசிக்கொண்டு, பின்னலை அவிழ்க்காமலே விட்டுவிடுவாள். எதிரே வருகிறவர்களுக்கு அவள் தலைக்குக் குளித்தவள். பின்னால் வருகிறவர்களுக்கு இல்லை.

"ஏன்டி, முன்னாடி வெள்ளிக்கெழம, பின்னாடி வியாழக்கெழமையா?" என்பாள் அம்மா.

"மாஸ்டர் முன்னாடிதாம்மா நிப்பாரு."

எண்ணெய் வழியும் வகிட்டில் ஒரு சிட்டிகை பவுடர் தூவிப் பேன்சீப்பால் வாரினால் பாதி எண்ணெய் சீப்போடு வந்துவிடும். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டால் வயது பத்து கூடிவிடும். ரிப்பன் கசங்கியிருந்தால் ஈரமாக்கி, வெந்நீர் ஊற்றிய பித்தளைச் சொம்பைச் சுற்றிக் கட்டி வைப்பாள். தண்ணீர் ஆறும்போது ரிப்பன் இஸ்திரி போட்டதுபோல் நிற்கும். தலைக்கு ஊற்றிய நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவதற்கு மட்டும் அவளுக்கு அலாதி ஆர்வம். மில்லில் எஞ்சின் ரூம் ஜன்னல் வழியாக எந்நேரமும் வெக்கை அடிக்கும். அதற்கு வெளியே முதுகைக் காட்டி நின்றுகொண்டு முடியை விரித்துவிடுவாள். கால்மணி நேரத்தில் முடி உலர்ந்துவிடும். கொஞ்சம் தவிட்டு வாசனையும் சேர்ந்துகொள்ளும்.

"இது நெல்லு காய வெக்கிற எடமா, ஒந்தல காய வெக்கிற எடமா?" என்று உள்ளேயிருந்து அப்பா கத்துவார்.

"ரெண்டும்தாம்ப்பா!"

வீட்டில் ஐஸ் பெட்டி கிடையாது. ஆனால் சமையலறை மூலையில் குடிதண்ணீர்ப் பானைக்கு அடியில் ஆற்று மணல் கொட்டியிருக்கும். பானை கசிந்து கசிந்து அந்த மணல் கோடையிலும் சில்லென்று இருக்கும். சிந்திய வெந்தயம் அதில் முளைத்து நிற்கும். அந்த மணல்தான் அக்காவின் பெட்டகம். கழுத்து வரை புதைந்த பன்னீர் பாட்டில். காய்ந்து போகாமல் இருக்கச் சாந்துப் பொட்டு. தேங்காயெண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க நான்கு மிளகு போட்ட சின்னப் புட்டி. ஈரத் துணியில் சுருட்டிய மல்லிகை. இவர்களுக்கு நடுவே ராணி மாதிரி ஸ்நோ பாட்டில். கனமான வெள்ளைக் கண்ணாடி, தகர மூடி. பொங்கலுக்கு ஒன்று வாங்கினால் அடுத்த பொங்கல் வரை வர வேண்டும். காய்ந்து இறுகினால் இரண்டு சொட்டுப் பன்னீர் விட்டு ஈர்க்குச்சியால் குழைத்து உயிர் கொடுப்பாள். விரலை உள்ளே விட மாட்டாள். விரல் பட்டால் கெட்டுவிடும் என்பது அவள் சட்டம். எதையும் பூசும் முன்னால் மூடியைத் திறந்து ஒரு முறை மோந்து பார்ப்பாள். எங்கள் வீட்டில் சாமி கும்பிடுவதைவிட ஒழுங்காக நடந்த காரியம் அது.

அப்பாவின் சுண்ணாம்பு டப்பாவும் அதே மணலில்தான் இருந்தது. சுண்ணாம்பும் காய்ந்தால் கல்லாகிவிடுமே.

"என் ஸ்நோ பக்கத்துல இத வெக்காதீங்கப்பா."

"ரெண்டும் வெள்ளதானே. சண்டையா போட்டுக்கும்?"

சண்டை போட வைத்தவன் நான்.

அந்த மாசி மாதம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ரஞ்சன்குடி கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். போட்டோ எடுக்கிறவர் வருகிறார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு உச்சியில் ஒரு கொத்து முடி சேவல் கொண்டை மாதிரி நிற்கும். எண்ணெய் வைத்தால் படியும். ஆனால் எண்ணெய் நெற்றியில் இறங்கி, சட்டைக் காலரில் இறங்கி, போட்டோவில் நான் வடை மாதிரி தெரிவேன். சலூனில் கல்யாண மாப்பிள்ளைகளுக்கு மட்டும் வெள்ளையாக ஏதோ கிரீம் தடவி வாரிவிடுவதைப் பார்த்திருந்தேன். எங்கள் வீட்டில் வெள்ளையாக, கிரீமாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். மூன்று விரலால் வழித்தேன். போதவில்லை. இன்னொரு மூன்று விரல்.

புறப்படும்போது தலை கண்ணாடி மாதிரி இருந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கோட்டைக்குப் போய் இறங்கும்போது ஸ்நோ காய்ந்து, முடி முடியாக வெள்ளை பூத்து, கொண்டை முன்னைவிட உறுதியாக நின்றது. கணக்கு வாத்தியார் என்னைப் பார்த்துவிட்டு, "யார்றா இவன் தலைக்கு வெள்ளையடிச்சது?" என்றார். கோட்டைச் சுவர் அதிரச் சிரித்தார்கள். போட்டோவில் என்னைக் கடைசி வரிசையில், உயரமான ஒருவனுக்குப் பின்னால் நிறுத்தினார்கள். அந்தப் போட்டோ இப்போது யாரிடமாவது இருந்தால் தேட வேண்டாம்; அதில் நான் ஒரு காது மட்டும்தான்.

ஆனால் வாத்தியார் சொன்ன வார்த்தை மண்டைக்குள் தங்கிவிட்டது. வெள்ளையடிப்பது. எதைக் கொண்டு வெள்ளையடிப்பார்கள்? சாயங்காலம் அம்மா தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், பாதிக்கு மேல் காலியாகக் கிடந்த ஸ்நோ பாட்டிலில் அப்பாவின் சுண்ணாம்பை அள்ளிப் போட்டேன். அக்கா முறைப்படியே பன்னீர் விட்டுக் குழைத்தேன். குழைகிறேன் என்று சொல்லிவிட்டு அது திரிதிரியாகத்தான் வந்தது. கரண்டிக் காம்பால் மேலே வழுவழுவென்று இழைத்துவிட்டேன். பார்த்தால் கடையில் அன்றைக்கு வாங்கியது மாதிரி இருந்தது. இரண்டு நாளைக்கு என்னைவிட நிம்மதியான ஆள் பெரம்பலூரில் இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அக்காவின் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாள். நெற்றியில் இரண்டு, கன்னத்தில் மூன்று, கழுத்தில் ஒன்று. சிவந்து, நடுவில் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள்.

"தாயே!" என்று அம்மா தன் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எதிர்வீட்டுப் பெரியம்மா வந்து பார்த்தாள். பக்கத்தில் வராமல் நிலைப்படியிலிருந்தே பார்த்தாள். "முத்துதான் போட்டிருக்கா. மாசி பொறந்தா தெருவுக்கு ஒருத்தர் வூட்டுலயாச்சும் எறங்காம இருக்க மாட்டா. வேப்பல சொருவு. எண்ண சட்டிய எடுத்து மேல வையி, தாளிக்காத. சீப்பு தலையில படக்கூடாது. தலைக்கு ஊத்துற வரைக்கும் பொண்ணு வாச தாண்டக்கூடாது."

"நாளைக்கு எனக்குப் பரீட்ச" என்றாள் அக்கா.

"ஆத்தா வந்து வூட்டுல உக்காந்திருக்கா, பரீட்சையாம்" என்றாள் அம்மா.

இதில் அக்காவுக்கு இருந்த சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். டைப்ரைட்டிங் பரீட்சை வருஷத்துக்கு இரண்டு தடவைதான். போன தடவை பாதிப் பரீட்சையில் காகிதம் கோணிக்கொண்டு ஃபெயில் ஆகியிருந்தாள். "இந்தத் தடவை பாஸானா பாரு. இல்லேன்னா கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம், வூட்டோட இரு" என்று அம்மா தீர்த்துச் சொல்லியிருந்தாள். பரீட்சை அரியலூரில். சிமெண்ட் லாரிகள் போகிற ரோடு. அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தலை நரைத்துவிடும். பின்னலை எந்தத் துண்டால் சுற்றிக்கொண்டு போவது என்பது வரை அக்கா ஒரு வாரமாகத் திட்டம் போட்டிருந்தாள்.

இப்போது அவள் பாயில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். வலது கை விரல்கள் பாயின் மேல் ஒன்றன் பின் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தன. கண் மூடியிருந்தது. விரல் மட்டும் டைப் அடித்துக்கொண்டிருந்தது.

சுண்ணாம்பு அதிகமானால் நாக்கு வெந்துபோகும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படியானால் இது ஆத்தா இல்லை, நான். அல்லது, நான் செய்த அக்கிரமத்தைப் பார்த்துவிட்டு ஆத்தாவே கோபத்தோடு புறப்பட்டு வந்திருக்கிறாள். எப்படிப் பார்த்தாலும் விசாரணை என்னிடம்தான் வந்து நிற்கும். பாடாலூரில் மாமா வீட்டுக்கு நடந்தே ஓடிப்போய்விடுவது என்று முடிவு செய்தேன். வழியில் பசிக்குமே என்று முறுக்கு இரண்டை டவுசர் பையில் போட்டுக்கொண்டேன். கொல்லைக் கதவு வரைக்கும் போவதற்குள் இரண்டையும் தின்றுவிட்டேன். உணவு தீர்ந்துபோனதால் பயணம் கைவிடப்பட்டது.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். நிலையில் வேப்பிலையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அப்பாவுக்குச் சாமி கிடையாது. கறுப்புச் சட்டைக்காரர். வெற்றிலையை ஒரு பக்கம் அடக்கிக்கொண்டு பகுத்தறிவு பேசுவார். மில்லில் அதற்கு ஆள் கிடைக்காத நாளில் எங்களிடம் பேசுவார்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா? கொப்புளம்னா ஆத்தா, காய்ச்சல்னா காத்து…"

"வாய மூடுங்க. அவ காதுல விழப்போவுது" என்றாள் அம்மா. அவ என்றது அக்காவை அல்ல.

நான் நடுவில் போய் நின்றேன். வாயைத் திறந்ததும் நான் யோசித்து வைத்திருந்த எதுவும் வரவில்லை.

"அது மாரியாத்தா இல்லப்பா. நாந்தான்."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கோட்டை, கொண்டை, வாத்தியார், வெள்ளை, சுண்ணாம்பு. அப்பா எழுந்து போய் மணலிலிருந்து ஸ்நோ பாட்டிலைப் பிடுங்கி எடுத்து மூடியைத் திறந்தார். நான் கரண்டிக் காம்பால் இழைத்துவிட்டிருந்த வழுவழுப்பு அப்படியே இருந்தது. அப்பா அதில் சுண்டுவிரலைக் குத்தி நாக்கில் வைத்தார். முப்பது வருஷம் வெற்றிலை போட்ட நாக்கு.

"என் சுண்ணாம்பு!" என்றார். வேறு யாராவது பார்த்திருந்தால் புதையல் கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள். "பாத்தியாடி? இதுதான் ஒன் ஆத்தா! கண்ணாடி பாட்டில்ல குடியிருக்கா! சுண்ணாம்பு பட்டா தோலு வேவாதா? இதுக்குப் போயி வேப்பலையாம், தாளிக்கக்கூடாதாம்."

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். அப்பா அதைத் தடுத்தார். "உண்மையச் சொன்னவன அடிக்காத." அதுவரை என்னை உருப்படாதவன் என்று மட்டுமே அழைத்திருந்த மனிதர் அவர். பிறகு பாயருகே குனிந்தார். "பாப்பா, நீ இந்த ஸ்நோவப் பூசினியா?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். பாட்டிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னைக் கொல்வதற்கு எது வசதி என்று யோசிக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"ம். நேத்து பூசினேம்ப்பா. அப்பவே எரிஞ்சுது."

"அப்பறம் என்ன? நாளைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். தலைய வாரு."

"ஒடம்பு சுடுதேங்க" என்றாள் அம்மா.

"வெந்த எடம் சுடாம சில்லுன்னா இருக்கும்?"

அம்மா நேராகப் போய் நிலையில் செருகிய வேப்பிலையின் முன்னால் நின்றாள். "தாயே, எம்புருசன் பேசுறத மனசுல வெக்காத. எம்பொண்ணு பொழச்சு வரட்டும். சமயபுரத்துக்கு வந்து இவன் முடிய எறக்கிடுறேன்." இவன் என்றது என்னை. ஸ்நோ போட்டு நான் வளர்த்த முடியை.

"முடிதானே. மொளைக்கும்" என்றார் பகுத்தறிவாளர்.

அக்கா மிளகு போட்ட எண்ணெய்ப் புட்டியை எடுத்து வந்து நடுவீட்டில் உட்கார்ந்தாள். அம்மா சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீப்பு முதல் முறை தலையில் இறங்கியபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். இடி எதுவும் விழவில்லை. பாதியில் ஒரு இடத்தில் சீப்பு நின்றது. "ஸ்ஸ்…" என்றாள் அக்கா.

"என்னடி?"

"சிக்கு."

அந்த இடத்தைச் சுற்றி ஒதுக்கி வாரிக்கொண்டு பின்னலை முடித்தாள். அவ்வளவு பதனமாக அவள் வாரி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸில் அப்பாவும் அக்காவும் அரியலூர் போனார்கள். முகத்தில் எண்ணெய், பின்னலில் துண்டு, கழுத்து வரை மூடிய தாவணி. சாயங்காலம் திரும்பி வந்தபோது அப்பாவின் கறுப்புச் சட்டை சிமெண்ட் தூசியில் சாம்பலாகியிருந்தது. அக்காவுக்குக் கை, முதுகு, வயிறு எல்லாம் முத்து. நிற்க முடியாமல் அம்மாவின் மேல் சாய்ந்தாள். "முடிச்சுட்டேம்மா. காயிதம் கோணல" என்றாள்.

"சுண்ணாம்பு ரத்தத்துல கலந்துட்டுது" என்றார் அப்பா. ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை. அம்மா வேப்பிலைப் படுக்கை போட்டாள். ஒன்பதாம் நாள் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினார்கள். அக்காவின் முடி முன்னாலும் பின்னாலும் ஒரே கிழமையாக இருந்த அபூர்வமான நாள் அது.

இரண்டு வாரம் போனது. அதற்குள் சமயபுரத்தில் என் முடியை இறக்கிவிட்டார்கள். எனக்கும் போட்டது. முதல் கொப்புளம் உச்சந்தலையில், கொண்டை இருந்த இடத்திலேயே. ஸ்நோவை நான் பூசியது அங்கேதான். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? நான் பூசியபோது அதில் சுண்ணாம்பு இல்லையே என்று என் மண்டைக்குத் தோன்றவே இல்லை. பயந்தவனுக்குத் தேதி ஏது? அதே வாரத்தில் டைப்ரைட்டிங் மாஸ்டர் வீட்டு நிலையிலும் வேப்பிலை. அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே மெதுவாகக் கேட்டாள்:

"ஏங்க, மாஸ்டரும் நம்ம ஸ்நோவத்தான் பூசினாராமா?"

அப்பா பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். நான் அவருக்காகப் பதில் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: சுண்ணாம்பு அக்காவின் விரல் வழியாக மெஷினுக்கும், மெஷின் வழியாக மாஸ்டருக்கும் போயிருக்கிறது. அதை வெளியே சொல்லவில்லை. மொட்டைத் தலையோடு பேசினால் யாரும் மதிப்பதில்லை.

அக்கா பாஸானாள். அரியலூரிலேயே ஒரு ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பிறகு மேலே மேலே போய், தன் முடியைப் போலவே நீளமான ஒரு சர்வீஸை முடித்துவிட்டுத்தான் ரிட்டயர் ஆனாள். இதற்கு நடுவில் என் மகளின் டாக்டர் எனக்கு வைரஸ் என்றால் என்ன என்று, என் மனைவி வழியாக விளக்கியிருந்தார். நம்பிக்கையை நான் விட்டுவிடவில்லை, திருத்திக்கொண்டேன். எனக்கு வந்தது வைரஸ். மாஸ்டருக்கு வந்தது வைரஸ். அக்காவுக்கு வந்தது மட்டும் என் சுண்ணாம்பு. அவள் நெற்றியில் புருவத்துக்கு மேல் ஒரு சின்னத் தழும்பு உண்டு. நல்லது கெட்டதில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலில் அங்கேதான் போகும். சிரிப்புக் காட்டுவதற்கு என்று நான் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பேன். கண் அங்கே இருக்கும்.

போன வருஷம் அரியலூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா டை அடிக்க உட்கார்ந்திருந்தாள். பின்தலை அவளுக்கு எட்டவில்லை, தோள் வலி. பிரஷ் என் கைக்கு வந்தது. பாக்கெட்டை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வரச் சொன்னாள். முட்டை வைக்கும் தட்டில், பாதி தீர்ந்த டை பொடி பாக்கெட், வாயை மடித்து, துணி கிளிப் போட்டு நின்றது. பக்கத்தில் பன்னீர் பாட்டில், ரப்பர் பேண்ட் கட்டிய சீயக்காய்த் தூள். பானை மணல்தான் கரண்ட் கனெக்‌ஷனோடு அங்கே நின்றது.

"எத்தன மாசமாச்சுக்கா இத ஒடச்சு?"

"மோந்து பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு. முன்னாடி மட்டும் அடிச்சா போதும்டா. பின்னாடி யாரு பாக்குறா?"

"பழசு பூசினா அம்ம போட்டுரப்போவுது. எனக்கு அனுபவம் இருக்கு."

சிரித்தாள். தோள் குலுங்கியதில் டை என் சட்டையில் பட்டது. சிரித்து முடிந்தும் திரும்பாமல், முதுகு காட்டியபடியே, "நீ இன்னுமா அத நெனச்சுக்கிட்டிருக்க?" என்றாள்.

"தெனமும் இல்ல. ஒன் நெத்தியப் பாக்குறப்ப."

நான் வகிட்டுக்குப் பின்னால் பூசிக்கொண்டிருந்தேன்.

"அன்னிக்குப் பரீட்சையில பக்கத்து மெஷின்ல ஒரு பொண்ணு" என்றாள். "சின்னப் பொண்ணு. மெஷின் ரிப்பன் சிக்கிக்கிச்சு, எடுக்கத் தெரியாம முழிச்சா. நாந்தான் எடுத்து மாட்டிக் குடுத்தேன். 'தேங்க்ஸ்க்கா'ன்னு என் கையப் புடிச்சா. எந்த ஊரு, என்ன பேருன்னு கேக்கல. அப்பறம் அவளுக்கு என்ன ஆச்சோ. எனக்கு உறுத்துறது ஒன்ன நெனச்சு இல்லடா, அவள நெனச்சுத்தான்."

பிரஷ் என் கையில் நின்றுவிட்டது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆபீஸில் டிக்டேஷன் எடுத்ததை வாசித்துக் காட்டுவது மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை காலை அக்கா ஸ்நோ பாட்டிலைத் திறந்தாள், மோந்து பார்த்தாள், சுண்ணாம்பு என்று தெரிந்துகொண்டாள், பரீட்சை முடிந்ததும் என்னைக் கவனித்துக்கொள்ளலாம் என்று மூடி மணலில் வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை குளிக்கும்போது முதல் முத்து அவள் கைக்குத் தட்டுப்பட்டது. அது முதுகில் இருந்தது. அந்த ஸ்நோவை அவள் ஒரு நாளும் பூசவில்லை.